மைக்செட்டு, ரெக்கார்டு, வால்வு செட்டு: என்ன விலைக்கு வாங்கலாம்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் பழைய மைக்செட்டுச் சாமான்களைத் தேடிப்பிடித்து வாங்கி, வீட்டில் வைத்துப் பாடவிடும் ஆசை பலருக்கு உண்டு. பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டுத் தொழில் செய்தவர்கள் சிலர். அந்தப் பாட்டைத் தெருமுனையில் நின்று கேட்டு வளர்ந்து, இன்று வெளியூரில் சம்பாதிப்பவர்கள் மற்றும் சிலர். அலுமினியக் குழாய், வால்வு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், இசைத்தட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு சொல்றாங்க, குடுக்கலாமா? இன்னும் ஏறுமா, இறங்குமா?"

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்கவும் பழுது பார்த்துப் பழகவும் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஐந்து வருஷம் வைத்திருந்து லாபத்துக்கு விற்கலாம் என்று நினைத்தால் அந்தப் பணத்தை வேறெதிலாவது போடுங்கள். எதனால் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

விலை விழுந்ததும் எழுந்ததும்

1970களின் கடைசி வரைக்கும் மைக்செட்டுக்காரருக்கு ரெக்கார்டுதான் முதல். 78 சுற்று அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், ஒரு பாட்டு. அதற்குப் பிறகு 45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டும், 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி.யும் வந்தன. எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். 1980களில் கேசட் வந்து இதையெல்லாம் ஓரங்கட்டியது. ஒரு கேசட்டில் ஒரு படத்துப் பாட்டு முழுவதையும், ஏன் கதை வசனத்தையே கூடப் போட முடிந்தது. 'விதி' படத்தின் வசனம் ஊர் ஊராக ஒலித்தது அந்தக் காலத்தில்தான். அடுத்து சி.டி., அதற்குப் பின் பென் டிரைவ், பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்கள். குழாயும் பிளேயரும் பரணுக்குப் போயின. பரணில் இடமில்லாதபோது பழைய இரும்புக் கடைக்குப் போயின. அலுமினியக் குழாய் எடை விலைக்கும், ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிரான்ஸ்பார்மர் செம்பு விலைக்கும் போன காலம் அது. அப்போது அழிந்தது போக மிஞ்சியதுதான் இன்று சந்தையில் இருக்கிறது.

விலை எழுந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உலகம் முழுக்க இசைத்தட்டு மேல் வந்திருக்கும் புது மோகம். அமெரிக்காவில் 2020-ல் இசைத்தட்டு விற்பனை வருவாய் சி.டி.யை முந்தியது, 1986-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த அலை சென்னை, பெங்களூரு வழியாக நம் பக்கமும் வந்தது. இன்னொன்று, சரக்கு புதிதாக வர வழியில்லாமல் போனது. இந்தியாவில் இசைத்தட்டு அச்சிடுவது 1990களில் நின்றுவிட்டது. அண்மையில்தான் மும்பையில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். எச்.எம்.வி. தட்டுகளை டம்டம் ஆலையில் அச்சிட்ட கிராமபோன் கம்பெனி, 2000-ல் சரிகம என்று பெயர் மாறி, இப்போது பழைய பாட்டுகளைப் புதுத் தட்டாக விற்கிறது. அந்தப் புதுத் தட்டின் விலையே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய தட்டு வைத்திருப்பவர்களும் விலையைக் கூட்டினார்கள்.

எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை

பொருள் எவ்வளவு பழசோ அவ்வளவு விலை என்று பலர் நம்புகிறார்கள். "எங்க தாத்தா காலத்துத் தட்டு, எண்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லி ஒரு கட்டு அரக்குத் தட்டுக்குப் பெரிய தொகை கேட்பார்கள். சந்தை அப்படி நடப்பதில்லை. பதினைந்து வயதில் கேட்ட பாட்டை ஐம்பது வயதில் கையில் காசு சேர்ந்ததும் ஒருவர் தேடுகிறார். விலையைத் தூக்குவது அந்தத் தேடல்தான்.

'ஹரிதாஸ்' 1944-ல் வந்து மூன்று தீபாவளி கண்ட படம். தியாகராஜ பாகவதரின் பாட்டில் மயங்கிக் கிடந்தவர்கள் பெரும்பாலும் இன்று இல்லை. அதனால் நிறைய அச்சான அந்தக் காலத்துச் சினிமாத் தட்டுகளுக்குப் பெரிய போட்டி கிடையாது. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்களின் அபூர்வத் தட்டுகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிலரே, விஷயம் தெரிந்தவர்கள், எந்தத் தட்டு எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியும். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி 1980களின் கடைசி வரை வந்த இளையராஜா எல்.பி.க்களோ வேறு கதை. அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று ஐம்பதைத் தாண்டி, கையில் காசோடு இருக்கிறது. எக்கோ லேபிளில் வந்த சில தட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் பல ஆயிரத்துக்குக் கைமாறுகின்றன.

நம் பக்கத்துக்கென்று தனி ருசியும் உண்டு. 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து முதலமைச்சரானார். அவர் படப் பாட்டுத் தட்டுக்கு இங்கே எப்போதும் கிராக்கி உண்டு. சென்னை விலையை வைத்து அதை மதிப்பிட முடியாது. டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு, சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு, 'திருவிளையாடல்' வசனம் போன்றவற்றுக்கும் நிலையான கேட்பு உண்டு. நிறைய அச்சானவை என்பதால் விலை பெரிதாகத் துள்ளாது. இவற்றில் ஒன்றுக்கு அபூர்வம் என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மாதம் பொறுத்தால் இன்னொன்று வரும்.

வெளிநாட்டில் நடந்த ஒன்றும் நமக்குப் பாடமாகும். சாய்ந்த கண்ணாடி மேசைக்குள் எஃகுக் குண்டை ஓடவிட்டு, துடுப்பால் தட்டி விளையாடும் பின்பால் பொறியை அமெரிக்கர்கள் வீட்டில் வாங்கி வைக்கிறார்கள். அங்கேயும் விலையின் ஓட்டம் இப்படித்தான். 1950, 60களின் பொறிகளைவிட 1990களின் பொறிகளுக்கே கூடுதல் விலை. 1992-ல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 பொறிகள் விற்றுச் சாதனை படைத்தது. ஊரெங்கும் இருந்த பொறி என்பதால்தான் அதைத் தேடுகிறவர்களும் நிறைய. 1997-ல் வந்த 'மெடீவல் மேட்னெஸ்' 4,016 மட்டுமே. அதன் விலை ஏறிக்கொண்டே போனது. 2015-ல் அதையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்ததும் பழைய பொறியின் வேகம் அடங்கியது. பொதுமுடக்கக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் போட்டி போட்டு வாங்கியதில் ஏறிய விலையும், கதவுகள் திறந்த பிறகு தணிந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. மறுபதிப்பு வரக்கூடிய தட்டுக்கு உச்ச விலை கொடுக்கக்கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடும்போது நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். தேடுகிற தலைமுறைக்கு வயதாகும்போது விலையும் சேர்ந்தே இறங்கும் என்பதை மறக்கக்கூடாது. இன்று இளையராஜா தட்டுக்கு இருக்கும் விலை இன்னும் முப்பது வருஷத்துக்கு இப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஒரு பொருளுக்கு மூன்று விலை

விலை பேசும் முன் மூன்று எண்களை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது எடை விலை. பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்கும் செம்புக்கும் அன்றைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும். குழாயும் டிரான்ஸ்பார்மரும் இதற்குக் கீழே வராது.

இரண்டாவது ஓடும் விலை. அதே பொருள் உங்கள் கண் முன்னே பாடிக்காட்டினால், இந்தப் பக்கத்தில் பழக்கமுள்ளவர்கள் என்ன கொடுப்பார்கள் என்பது. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வாங்குகிறவர்களோடும் மெக்கானிக்குகளோடும் பழகுவதுதான்.

மூன்றாவது கேட்கும் விலை. விளம்பரத்தில் போட்டிருப்பது, வாட்ஸ்அப்பில் சுற்றுவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் சுற்றுலா வந்தவரிடம் சொல்வது எல்லாம் இதில் சேரும். கேட்டவர் கேட்டார், யாராவது கொடுத்தார்களா என்பதே கேள்வி. தட்டுகளுக்கு டிஸ்காக்ஸ் தளத்தில் இதுவரை விற்ற விலைகளில் குறைந்தது, நடுவானது, கூடினது மூன்றையும் பார்க்கலாம். நடுவானதை மட்டும் கணக்கில் எடுங்கள். அதுவும் வெளிநாட்டு விலை. அனுப்பும் செலவும் அதன் மேல் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

கணக்குப் போடும் முறைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகள் உதாரணத்துக்காக மட்டுமே. ஓடாத ரெக்கார்டு பிளேயர் ஒன்றுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். முள்ளும் பிக்கப்பும் மாற்ற 1,500. ரப்பர் சக்கரத்துக்கும் மோட்டார் எண்ணெய்க்கும் 800. உள்ளே கன்டென்சர் மாற்ற 700. மதுரைக்குப் போய் வர 500. மொத்தம் 9,500 ஆகிறது. அதே பிளேயர் பாடுகிற நிலையில் 8,000-க்குக் கிடைக்கும் என்றால், இதற்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் 4,500 ரூபாய். பழுது பார்க்கும்போது எதிர்பாராமல் ஒன்று கிளம்பும், அதற்கு 1,000 ஒதுக்கிவிட்டு 3,500-ல் பேச்சைத் தொடங்குங்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதாமல் ஆசையில் கை நீட்டுகிறவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

ரெக்கார்டு பிளேயர்: நூறு சுற்று எண்ணுங்கள்

விற்பவர் வீட்டில் பிளேயர் ஓடுகிறது என்றால் சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் சுழலும் தட்டின் ஓரத்தில் ஒட்டுங்கள். 33 வேகத்தில் போட்டுவிட்டு, கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுங்கள். மூன்று நிமிஷத்துக்கு நூறு சுற்று வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் எண்ணெயும் ரப்பரும் சரிசெய்யும். எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு என்று வந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயர். அங்கே மின்சாரம் 60 சைக்கிள், இங்கே 50. அதனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மோட்டார் கப்பியை மாற்றினால்தான் சரியாகும். வோல்டேஜும் வேறு என்பதால் தனி டிரான்ஸ்பார்மர் செலவும் வரும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, "டக், டக்" என்று ஒரே தாளத்தில் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். பல வருஷம் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதில் ரப்பர் சக்கரம் பள்ளம் விழுந்திருக்கும். சக்கரத்தை மாற்றலாம் அல்லது கடைசல் பட்டறையில் லேசாகத் தேய்க்கலாம். கரார்டு, பிலிப்ஸ் போன்றவற்றின் உதிரிகள் தேடினால் கிடைக்கின்றன. பெயர் தெரியாத பிளேயருக்கு உதிரி தேடி அலைவது பெரும்பாடு. அதற்கு விலை குறைத்தே பேச வேண்டும்.

பிக்கப்பில் இரண்டு பக்க முள் இருந்தால், ஒன்று 78-க்கு, ஒன்று எல்.பி.க்கு. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி.யின் பள்ளம் மெல்லியது. 78-ன் முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டு உழுது போகும். விற்பவர் எந்த முள்ளில் போட்டுக் காட்டுகிறார் என்று கவனியுங்கள். அவர் வைத்திருக்கும் தட்டுகளின் நிலை அதிலேயே தெரிந்துவிடும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர்: பிளக்கில் சொருகாதீர்கள்

பத்து வருஷம் பரணில் கிடந்த வால்வு செட்டை நேரே கரண்டில் போட்டுப் "பாடுதா பார்ப்போம்" என்று சொல்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ந்துபோன கன்டென்சர் ஷார்ட்டாகி, நொடியில் டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும். எரிந்த டிரான்ஸ்பார்மரோடு அந்தச் செட்டின் விலையில் பெரும்பங்கும் போய்விடும்.

கையோடு ஒரு சீரியல் போர்டு கொண்டு போங்கள். 100 வாட் குண்டு பல்பைச் செட்டோடு தொடராகப் பொருத்தியதுதான் அது. எந்த எலக்ட்ரீசியனும் செய்து தருவார். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கி நின்றால் நல்ல அறிகுறி. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது; உடனே அணையுங்கள். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் முந்நூறு, நானூறு வோல்ட் நிற்கும். அதை இறக்கத் தெரிந்த மெக்கானிக் தொடுவதே நல்லது. இதில் அசட்டுத் துணிச்சல் உயிருக்கே உலை.

டிரான்ஸ்பார்மரை மோந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் விலையைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். கரண்ட் உள்ளே வரும் டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால், பம்ப்செட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் நம் ஊர்க்காரர்களில் திறமையானவர் சுற்றித் தந்துவிடுவார். சத்தம் வெளியே போகும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுற்று வேறு மாதிரி. அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அது போனால் அதே தரத்தில் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

வால்வுக்கும் ஒரு வார்த்தை. பெங்களூரு பெல் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த வால்வுகளை வெளிநாட்டுக்காரர்களும் தேடுகிறார்கள். அதனால் சிலர் செட்டிலிருந்து வால்வைக் கழற்றித் தனியே விற்றுவிட்டு, கூட்டை மட்டும் நம்மிடம் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு சாக்கெட்டிலும் வால்வு இருக்கிறதா, அதன் எண் செட்டில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவிலிருந்து புது வால்வுகள் வருகின்றன. அந்தச் செலவும் உங்கள் கணக்கில் ஏற வேண்டும்.

குழாயும் யூனிட்டும்

குழாயில் ஒடுங்கல் இருந்தால் பரவாயில்லை. வாய் விளிம்பு கிழிந்திருந்தாலும், யூனிட் மாட்டும் கழுத்து மரை தேய்ந்திருந்தாலும் விலை குறைய வேண்டும். யூனிட்டை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். 16 ஓம் யூனிட் என்றால் மீட்டர் அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்தது. டையாபிரம் மாற்றலாம், அதிகச் செலவில்லை. ஆனால் காந்தம் பலமிழந்த பழைய யூனிட் எத்தனை டையாபிரம் மாற்றினாலும் எழுந்து பாடாது. ஓர் இரும்பு ஸ்குரூ டிரைவரைப் பக்கத்தில் கொண்டு போனால் இழுக்கும் வேகத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

அகுஜா, சிகாகோ ரேடியோ போன்ற பெயர்களுக்கு மதிப்பு உண்டு. சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளுக்கு ஒலிபெருக்கி வைத்தவர்கள் சிகாகோ ரேடியோக்காரர்கள். பெயர்த் தகடு அசலா, பிறகு ஒட்டியதா என்று திருகாணியையும் பெயின்டையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தட்டு வாங்கும்போது

வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கோடு பாடும்போது தெரியாது. நகத்தில் தட்டுப்படும் கீறல் கட்டாயம் தெரியும். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடுகள் இருந்தால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மைக்செட்டுக்காரர் கையிலிருந்து வரும் எல்.பி.யில் ஒரு பாட்டு மட்டும் சாம்பல் பூத்தது போல வெளுத்திருக்கும். படத்தில் ஓஹோவென்று ஓடிய பாட்டு அதுதான். ஊர் கேட்கக் கேட்கத் திரும்பத் திரும்ப முள்ளை அதே இடத்தில் வைத்திருப்பார்கள். நீங்கள் அந்தத் தட்டை வாங்குவதும் அநேகமாக அந்தப் பாட்டுக்காகத்தான். ஆகவே அந்த ஓர் இடத்தைப் போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

லேபிளில் மைக்செட்டின் பெயரை மையில் எழுதியிருந்தால் நகரத்துச் சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். நீங்கள் கேட்பதற்காக வாங்கினால் இதுவே உங்களுக்கு லாபம். அட்டை கிழிந்தவையும் அப்படியே. பாட்டு ஒன்றுதான், விலை பாதி. அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் பற்றி எச்சரிக்கை. பளபளவென்று மின்னும் பித்தளைக் குழாயும், புது மரப்பெட்டியும், அதில் நாய்ப் படத் தகடுமாக வருபவை பெரும்பாலும் அண்மையில் செய்தவை. உள்ளே ஏதோ ஒரு பழைய பெட்டியின் மோட்டாரை வைத்திருப்பார்கள். அலங்காரத்துக்கு வைக்கலாம், பழம்பொருள் விலை கொடுக்கக்கூடாது. உண்மையில் பாட வேண்டும் என்றால் 1931 முதல் 1950களின் பிற்பகுதி வரை வந்த எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டியைத் தேடுங்கள். சாவி கொடுத்தால் ஸ்பிரிங் ஒரு பக்கத்துக்குத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று என்று மாற்ற வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர் கிராமபோன் வாங்க வேண்டாம்.

நம் வெயிலுக்கும் தூசிக்கும்

ஈரக்காற்று குறைவு என்பதால் கடற்கரை ஊர்களைவிட இங்கே பூஞ்சையும் துருவும் குறைவு. திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில் இருபது வருஷம் கிடந்த செட்டு, கடலோரத்தில் அதே காலம் கிடந்ததைவிட நல்ல நிலையில் இருக்கும். இது நமக்குச் சாதகம். நம் பகை வெயில். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த எல்.பி. வளைந்துபோகும். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். சுவரை ஒட்டாமல் இரும்பு அலமாரியில் வைத்தால் கரையானுக்கும் தப்பலாம். பைக்கில் மத்தியான வெயிலில் தட்டு கொண்டு வர வேண்டாம்.

அருப்புக்கோட்டையில் தறி ஓடும் தெருவில் இருந்தால் பஞ்சுத் தூசியைக் கவனியுங்கள். முள்ளின் நுனியில் நார் சுற்றிக்கொண்டு பாட்டு கரகரக்கும். முள் தேய்ந்துவிட்டது என்று தவறாக நினைத்துப் புது முள் வாங்குகிறார்கள். மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் ஒரு இழுப்பு போதும். எல்.பி.யைக் கழுவ டிஸ்டில்டு வாட்டரில் துளி சோப்பு, லேபிள் நனையக்கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

சட்டமும் பக்கத்து வீடும்

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே எல்லை. கூம்பு வடிவக் குழாய்க்குக் காவல்துறை அனுமதி மறுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. குழாயைத் தொழிலுக்கு வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டதற்கும் இது ஒரு காரணம். ஆகவே வாடகைக்கு விட்டுப் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் குழாய் வாங்காதீர்கள். வீட்டில் கேட்க ஒரு குழாயும், அளவான சத்தமும் போதும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உடம்புக்கு முடியாதவரும் பக்கத்து வீட்டில் இருப்பார்கள்.

விற்பவரும் நம் ஊர்க்காரர்தான்

மானாவாரி விவசாயம் பார்க்கும் வட்டாரம் இது. விதைப்புச் செலவுக்கும், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துக் கட்டணத்துக்கும் பணம் தேவைப்படும்போதுதான் வீட்டுப் பொருள் வெளியே வருகிறது. குறைந்த விலைக்கு வாங்க அதுவே வாய்ப்பு என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். உங்களுக்கு அதன் ஓடும் விலை தெரியும். விற்கும் பெரியவருக்குத் தெரியாது என்றால், தெரிந்ததைச் சொல்லி, பழுதுச் செலவைக் கழித்து, மீதியில் நியாயமாகக் கொடுங்கள். அடுத்த ஊரில் ஒரு செட்டு கிடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பப் போகிறவர் அவர்தான்.

இப்போது எதை வாங்கலாம் என்று கேட்டால் என் யோசனை இது. இளையராஜாவின் உச்ச விலைத் தட்டுகளுக்கு அவசரப்பட வேண்டாம். மறுபதிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல பிளேயர் ஒன்றுக்கு முதலில் செலவழியுங்கள். தட்டு எத்தனை இருந்தாலும் நல்ல பிளேயர் இல்லாமல் அவை தேய்ந்துதான் போகும். வால்வு செட்டைப் பக்கத்தில் மெக்கானிக் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கேசட்டும் டேப் ரிக்கார்டரும் இன்று மலிவு. 1990களில் பள்ளியில் படித்தவர்கள் ஐம்பதை நெருங்கும்போது அவற்றைத் தேடுவார்கள் என்பது என் எண்ணம். இப்போதே கேட்டு மகிழ நல்லதாக ஒன்று வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வால்வு செட்டைத் திறந்து பார்த்தே பழுதைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம் வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் கை ஓய்ந்துவிட்டால், நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய செட்டு மறுபடியும் எடை விலைக்குத்தான் போகும். அவர்களுக்கு வேலை கொடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள், வீட்டில் ஐ.டி.ஐ. படிக்கும் பையனோ பெண்ணோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அனுப்புங்கள்.